வந்து வந்து போகும் கோளாறு: பழைய பெட்ரோல் டிரக்கின் ஈசியூ, இக்னிஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1980களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை வந்த பெட்ரோல் பிக்கப், டிரக் வண்டிகளைப் பற்றி. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் இருக்கும், கூடவே பழைய வழக்கப்படி, ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கும். நிரந்தரமாகக் கெட்ட பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பட்டறையில் நிற்கும்போது ஒழுங்காக ஓடி, ரோட்டில் மட்டும் ஆஃப் ஆகிற வண்டிதான் பணத்தையும் பொறுமையையும் தின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன், கோளாறு வரும் அந்த நேரத்தில் எது காணாமல் போகிறது என்று பிடித்தாக வேண்டும். ஸ்பார்க்கா, இன்ஜெக்டர் சிக்னலா, பெட்ரோல் பிரஷரா, ஈசியூவுக்கு வரும் கரண்டா?

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிறது. அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வண்டியைப் பத்திரமாக ஓரம் கட்டுங்கள். எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வாக்குவம் இருக்கும். சாவியை மட்டும் உடனே அணைத்துவிடாதீர்கள்.

முதல் துப்பு எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர். பல வண்டிகளில் அதற்குச் சிக்னல், ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து வருகிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலின் பிரைமரி துடிப்பு நின்றுவிட்டது என்று பொருள். அதாவது பிக்கப் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியை உணரும் சென்சார்), மாட்யூல் (காயிலை ஆன், ஆஃப் செய்யும் மின்னணுப் பெட்டி), காயிலுக்கு வரும் சப்ளை ஆகிய மூன்றில் ஒன்று. எஞ்சின் வேகம் குறையக் குறைய முள்ளும் கூடவே இறங்கினால் ஸ்பார்க் பக்கம் பெரும்பாலும் சரி, பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

அடுத்தது செக் எஞ்சின் விளக்கு. எஞ்சின் நின்று சாவி ஆனிலேயே இருக்கும்போது பல வண்டிகளில் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஈசியூவுக்கே சப்ளையோ எர்த்தோ (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) இல்லாமல் இருக்கலாம். சில வண்டிகளில் சாவி போட்டதும் மூன்று வினாடி எரிந்து தானே அணையும். ஆகவே வண்டி நன்றாக இருக்கும் நாளில் உங்கள் விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சாவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள் (எல்லா வண்டியிலும் இப்படி ஓடாது). கடைசியாகச் செல்ஃப் அடித்து ஸ்பார்க், இன்ஜெக்டர் சிக்னல் இரண்டையும் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை அங்கேயே, அப்போதே செய்ய வேண்டும். வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆனபிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

ஸ்பார்க், இன்ஜெக்டர் சிக்னல் இரண்டையும் வைத்து என்ன முடிவுக்கு வரலாம்?

இரண்டும் ஒரே நேரத்தில் போனால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே, எர்த், அல்லது எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் போன்றவை தரும் வேகச் சிக்னல். ஃபோர்டு வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஹால் சென்சார்தான் (காந்தப் புலத்தை உணர்ந்து சிக்னல் தருவது) மாட்யூலுக்கும் ஈசியூவுக்கும் தாய். அது போனால் இரண்டும் போகும். 1990களின் டாட்ஜ், ஜீப் வண்டிகளில் கிராங்க் சிக்னல் வராவிட்டால் ஈசியூ ஒரு ரிலேயை விடுவித்து, காயில், இன்ஜெக்டர், பம்ப் எல்லாவற்றின் சப்ளையையும் நிறுத்திவிடும். அந்த ரிலேயைக் குறைசொல்லி மாற்றுகிறவர்கள் நிறைய. ரிலே தனக்கு இட்ட வேலையைத்தான் செய்கிறது.

ஸ்பார்க் மட்டும் போய் இன்ஜெக்டர் சிக்னல் இருந்தால் மாட்யூல், காயில், ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கை), காயில் வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்பார்க் இருந்து இன்ஜெக்டர் சிக்னல் மட்டும் போனால், மாட்யூலிலிருந்து ஈசியூவுக்குப் போகும் வேகச் சிக்னல் வயரையும், இன்ஜெக்டர் சப்ளை பியூஸையும் பாருங்கள். டொயோட்டாவில் இன்னொரு நுணுக்கம் உண்டு: ஸ்பார்க் அடித்ததும் இக்னைட்டர் (அங்கே மாட்யூலுக்கு அந்தப் பெயர்) ஈசியூவுக்கு ஒரு பதில் சிக்னல் அனுப்பும். அந்தப் பதில் வராவிட்டால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். அதனால் ஒரு வினாடி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும்.

இரண்டும் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் பெட்ரோல் தெளிக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனில் 9 முதல் 13 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருக்கும். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் பொதுவாக 30 முதல் 45 பிஎஸ்ஐ.

ஸ்பார்க் பார்க்க பிளக் வயரைக் கழற்றி பாடியில் காட்டினால் போதாதா?

வேண்டாம். பழைய பிளாட்டினம் பாயிண்ட் காலத்து வழக்கம் அது. மின்னணு இக்னிஷனில் 30,000 வோல்ட்டுக்கு மேல் எழும். போக வழியில்லாமல் திறந்து நிற்கும் ஸ்பார்க், காயிலின் இன்சுலேஷனையோ மாட்யூலையோ துளைத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. கிளிப் வைத்த ஸ்பார்க் டெஸ்டர் வாங்கி, பாடியில் கவ்வவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். நீலமாக, டக் டக்கென்று சத்தத்தோடு அடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் காயிலுக்கு வரும் வோல்டேஜ் குறைவு அல்லது காயில் சோர்ந்துவிட்டது. இன்ஜெக்டருக்கு அதன் கப்ளரில் சொருகும் சிறு சிக்னல் விளக்கு கிடைக்கும், செல்ஃப் அடிக்கும்போது அது மின்ன வேண்டும்.

ஓட்டும்போதே பார்க்க ஒரு நல்ல வழி: டைமிங் லைட்டின் கிளாம்பைக் காயில் வயரில் மாட்டி, லைட்டைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியும்படி கட்டி வைத்து, இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கவனியுங்கள். எஞ்சின் ஜெர்க் அடிக்கும் அதே கணத்தில் லைட் தவறினால் குற்றம் இக்னிஷனில். தவறாமல் மின்னினால் ரோட்டார், கேப், பிளக் பக்கமோ பெட்ரோல் பக்கமோ போங்கள்.

ஸ்கேனர் மாட்ட முடியாத வண்டி. ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்ணை (கோடு) எப்படி எடுப்பது?

எல்லா வண்டிக்கும் ஒரே வகை ஸ்கேனர் பொருந்தும் ஓபிடி 2 முறை அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் செக் எஞ்சின் விளக்கின் மின்னலை எண்ணித்தான் கோடு எடுப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 12 பின் கப்ளரில் ஏ, பி பின்களை இணைத்துச் சாவி போட வேண்டும். முதலில் 12 மூன்று முறை வரும். அது கோளாறு அல்ல, எஞ்சின் சுற்றவில்லை, சோதனை முறை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். 42 வந்தால் ஈசியூவுக்கும் மாட்யூலுக்கும் இடையிலான, ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைச் சொல்லும் டைமிங் வயரில் பிரச்சினை. கிரைஸ்லர் வகையில் ஐந்து வினாடிக்குள் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் செய்தால் போதும். 11 வந்தால் கிராங்க் சிக்னல் வரவில்லை, 12 சமீபத்தில் பேட்டரி கழன்றது, 55 முடிந்தது. ஃபோர்டில் பானட்டுக்குள் உள்ள டெஸ்ட் கப்ளரில் தனி வயரையும் சிக்னல் எர்த்தையும் இணைப்பார்கள். 14 என்றால் ஹால் சிக்னல் தடுமாறுகிறது, 18 என்றால் ஸ்பார்க் சுற்றின் சிக்னல் தவறுகிறது. டொயோட்டாவில் பானட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டியில் டிஇ1, இ1 பின்கள். பழையவற்றில் டி, இ1.

கோடு என்பது எந்த வயரில் ஈசியூ எதிர்பார்த்தது வரவில்லை என்பதை மட்டும் சொல்லும். சென்சார் பெயர் வந்தவுடன் அந்தச் சென்சாரை மாற்றுவது பாதி நேரம் வீண் செலவு. பல சென்சார்களின் கோடு ஒரே நேரத்தில் வந்தால் அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் சப்ளையையோ சென்சார் எர்த்தையோ பாருங்கள். 4.8 முதல் 5.2 வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் எழுந்து நிற்கிறதோ அதுதான் ஷார்ட்.

கோடு எதுவுமே இல்லை. ஆனால் வண்டி நிற்கிறது. அப்படியென்றால்?

இதுவும் ஒரு தகவல்தான். ஈசியூ உயிரோடிருந்தால் பல நேரம் ஏதாவது பதிவு செய்திருக்கும். பதிவு இல்லை, ஏற்கெனவே இருந்த கோடுகளும் அழிந்து போயிருக்கின்றன என்றால், பேட்டரியிலிருந்து நேராக வரும் நிரந்தரச் சப்ளையோ எர்த்தோ ஒரு கணம் அறுந்திருக்கிறது. உள்ளே நுழையுமுன் பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். கைக்கு அசைந்தால் விசாரணை அங்கேயே தொடங்குகிறது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று ஓம் மீட்டரில் பார்த்தேன், பூஜ்யம் காட்டுகிறது. அப்புறமும் எர்த்தையே ஏன் சொல்கிறீர்கள்?

ஓம் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகமிகக் குறைவு. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் அது பூஜ்யம் என்றுதான் காட்டும். எர்த்தை எப்போதும் லோடில், வோல்டேஜ் டிராப் முறையில், அதாவது கரண்ட் ஓடும்போது வழியில் எவ்வளவு வோல்டேஜ் இழக்கப்படுகிறது என்று அளக்க வேண்டும். வந்து வந்து போகும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு அளவையில் பிடிபடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் இரண்டையும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையிலான அழுக்கு அளவில் வராது. சிவப்பு முனையை ஈசியூ கப்ளரின் பின்பக்கத்திலிருந்து எர்த் பின்னில் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.3 காட்டினாலே சென்சார் அளவுகள் எல்லாம் அந்த அளவுக்குப் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஏனென்றால் ஈசியூ தன் எர்த்தைப் பூஜ்யம் என்று நம்பித்தான் மற்றதை அளக்கிறது.

அடுத்து சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட் நல்லது, 0.5 வந்தால் எர்த் கேபிளைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பழைய டிரக்குகளில் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை ஒன்று ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலான தகட்டுச் சுவர்) பக்கம் இருக்கும். எஞ்சின் வேலைக்காக எப்போதோ கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அது இல்லாமலும் வண்டி ஓடும், கரண்ட் வேறு சின்ன வயர்கள் வழியாகத் திரும்பும், ஈசியூவைக் குழப்பும்.

சப்ளை பக்கமும் இதே முறை. சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழில், கறுப்பு முனை ஈசியூவின் சப்ளை பின்னில். 0.5 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் பியூஸ், ரிலே, சுவிட்ச் என்று ஒவ்வொரு இணைப்பாக முன்னேறி, எந்த இடத்தில் வோல்டேஜ் தாவுகிறது என்று பாருங்கள். ரிலே முனைகளுக்கு நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரிலே கருகியிருக்கிறது.

சந்தேகப்படும் ஒரு வயரைத் தனியாகச் சோதிக்க, இரு முனையிலும் கப்ளரைக் கழற்றிவிட்டு, அந்த வயர் வழியாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எரியவிடுங்கள். ஏறத்தாழ 1.75 ஆம்பியர் போகும். பல்பு மங்கினால் வயர் போய்விட்டது. ஈசியூ மாட்டியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யவே கூடாது.

சாவிக் கொத்து தொங்கினால்கூட வண்டி நிற்குமா?

நிற்கும். தேய்ந்த இக்னிஷன் சுவிட்சில் கனமான கொத்து ஆடும்போது உள்ளே முனை விலகும். வண்டியை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டுச் சாவியை மெதுவாக மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். காயில் பாசிட்டிவில் டெஸ்ட் லாம்ப் வைத்துக்கொண்டு செய்தால் கண்ணுக்கே தெரியும்.

சூடானதும் நிற்கிறது, அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. இது மாட்யூல்தானே?

பெரும்பாலும் மாட்யூல் அல்லது பிக்கப். ஆனால் அதே குணம் கிராங்க் சென்சாருக்கும், காயிலுக்கும், பெட்ரோல் பம்புக்கும் உண்டு. அதனால் மேலே சொன்னபடி எது காணாமல் போகிறது என்று பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள்.

ஏன் சூட்டில் மட்டும்? மாட்யூலுக்குள் இருக்கும் மெல்லிய இணைப்பு வயர்களும் பற்றுகளும் விரிவடைந்து பிரியும், ஆறினால் மீண்டும் தொட்டுக்கொள்ளும். 1980களின் ஃபோர்டு வண்டிகளில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே திருகியிருந்தார்கள். எஞ்சின் சூடு முழுவதும் அதில் இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் பல மாடல்களில் அதைத் தனி அலுமினியத் தகட்டில் எட்டி வைத்தார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: எஞ்சின் அதிகச் சூடாவது ஓடும்போது அல்ல, அணைத்தபிறகு. காற்றும் தண்ணீரும் நின்றபின் பத்து இருபது நிமிடத்துக்குப் பானட்டுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். பெட்ரோல் போட நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது தகராறு செய்வது இதனால்தான்.

சோதிக்க, வண்டி ஐடிலில் ஓடும்போது ஹேர் டிரையரால் மாட்யூலை மட்டும் மெல்லச் சூடாக்குங்கள். 70, 80 டிகிரி செல்சியஸ் போதும், அதைவிட ஏற்றினால் நல்ல மாட்யூலும் கெடும். நின்றுவிட்டதா? ஈரத் துணியை ஒரு நிமிடம் அதன்மேல் வையுங்கள், அல்லது எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான குளிரூட்டும் ஸ்பிரே இரண்டு வினாடி அடியுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அதுதான். ஒரே நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் சூடாக்குங்கள். மொத்தமாகச் சூடேற்றினால் எதுவும் தெரியாது.

புது மாட்யூல் போடும்போது அடிப்பகுதியைத் துடைத்து, கூடவே தரும் வெப்பப் பசையை முழுப் பரப்பிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பசை இல்லாமல் மாட்டிய புது மாட்யூல் சில மாதத்திலேயே போய்விடும், பிறகு கம்பெனியைத் திட்டுவார்கள். ஃபோர்டு மாட்யூலின் திருகு 5.5 மில்லிமீட்டர், இடம் குறுகல் என்பதால் மெல்லிய சுவர் கொண்ட சாக்கெட் வேண்டும். கழற்றும்போது மாட்யூலை நேராக இழுக்காமல் கீழ்ப்பக்கம் நகர்த்தி எடுங்கள். இல்லையென்றால் மூன்று பின்களும் வளைந்து உடையும்.

பிக்கப் காயில், கிராங்க் சென்சாரை மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயர் மட்டும் என்றால் பொதுவாகக் காந்தச் சுருள் வகை. அதன் ஓம் வண்டிக்கு வண்டி மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் 500 முதல் 1,500 வரை. எண்ணைவிட அது நடந்துகொள்ளும் விதம் முக்கியம். செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். ஆகவே 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 30 சதவீதம் ஏறுவது இயல்பு. சீராக ஏறாமல் தாவினாலோ, வயரை அசைக்கும்போது எண் ஆடினாலோ, சூட்டில் ஓப்பன் காட்டினாலோ மாற்றுங்கள். அட்வான்ஸ் தட்டு ஆடும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் பிக்கப் வயர் தினமும் வளைந்து நிமிர்ந்து, உறைக்குள் செம்பு அறுந்து நிற்கும்.

மூன்று வயர் என்றால் அநேகமாக ஹால் வகை. அதற்கு ஓம் பார்க்கக் கூடாது. கப்ளரை மாட்டியபடியே, சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். சிக்னல் வயரில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று தெளிவாகத் தாவ வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் சென்சார் போகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் பிக்கப்பின் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறி, சிக்னல் தடுமாறும். டைமிங் லைட்டில் குறி நிலையாக நிற்காமல் குதித்தால் அதுவோ, தளர்ந்த டைமிங் செயினோ காரணம்.

மழையிலும் காலைப் பனியிலும் மட்டும் மிஸ்ஸிங்.

ஹை டென்ஷன் பக்கம், அதாவது காயிலிலிருந்து பிளக் வரையுள்ள உயர் வோல்டேஜ் பகுதி. இருட்டில் வண்டியை ஓடவிட்டு, தண்ணீரைப் பனிபோல் ஸ்பிரே செய்து, வயர்களையும் கேப்பையும் காயில் தலையையும் பாருங்கள். கசியும் இடத்தில் நீலமாக ஊரும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கோடு கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புத் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்தத் தடம் கரி, மின்சாரத்துக்கு நல்ல பாதை. தேய்த்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். நடுவில் உள்ள கரிக் குமிழ் ஸ்பிரிங்கோடு அமுங்கி எழுகிறதா? ரோட்டாரைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். குண்டூசி முனை அளவுக்கு ஒரு கருகிய புள்ளி இருந்தால், ஸ்பார்க் ரோட்டாரைத் துளைத்து நேராகத் தண்டுக்கு இறங்குகிறது. லோடு ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் மிஸ் ஆகி, சமதளத்தில் சரியாக ஓடும் வண்டியில் இந்தப் புள்ளியை அவசியம் தேடுங்கள்.

பிளக் இடைவெளி கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும், பொதுவாக 0.9 முதல் 1.1 மில்லிமீட்டர். தேய்ந்து அகன்ற பிளக் அதிக வோல்டேஜ் கேட்கும், அந்தச் சுமை காயிலையும் ரோட்டாரையும் தின்னும். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கோ, வெறும் செம்புக் கம்பி வயரோ போடாதீர்கள். அவற்றின் ரேடியோ இரைச்சல் ஈசியூவைத் தடுமாற வைக்கும். பிளக் வயரைச் சென்சார் வயரிங்கோடு சேர்த்துக் கட்டுவதும் அதே தவறுதான்.

பள்ளம் மேட்டில் ஏறினால் ஒரு கணம் துண்டிக்கிறது. எங்கே தேடுவது?

எஞ்சினை ஐடிலில் விட்டு, வயரிங்கை ஒரு முனையிலிருந்து கையளவு கையளவாகப் பிடித்து அசைத்து வாருங்கள். ரிலேக்களையும் ஈசியூ பெட்டியையும் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். எங்கே எஞ்சின் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் நில்லுங்கள்.

கப்ளரைக் கழற்றினால் பச்சை பூத்த பின் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது வாய் அகன்ற பெண் பின். மீட்டர் முனையை முன்பக்கமாகக் குத்திக் குத்தியே அதை அகட்டியிருப்பார்கள். அதே அளவு ஆண் பின் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் சொருகி இழுங்கள். மற்றவை பிடிக்கும்போது ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதன் நாக்கை மெல்லிய ஊசியால் உள்பக்கம் நிமிர்த்துங்கள், அல்லது பின்னை மாற்றுங்கள்.

உறைக்குள் அறுந்த வயரைக் கண்டுபிடிக்க, கப்ளருக்குப் பின்னால் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக மெல்ல இழுங்கள். செம்பு முழுதாக இருந்தால் வயர் விறைப்பாக நிற்கும். அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர்போல் நீண்டு மெலியும். வயரிங் வளையும் இடங்கள், எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாண்டும் இடம், எக்ஸாஸ்ட் அருகே போகும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒட்டும்போது நல்ல கிரிம்ப்பும், பசையுள்ள சுருங்கு குழாயும் போதும். அதிர்வு உள்ள இடத்தில் ஈயம் தாராளமாக ஊற்றினால் வயர் விறைத்து, ஈயம் முடியும் இடத்தில் திரும்ப உடையும்.

லைட் போட்டால், ஏசி போட்டால் கோளாறு வருகிறது.

ஆல்டர்னேட்டர் டயோடு. பேட்டரி முனைகளில் டிசி 13.8 முதல் 14.7 இருக்கட்டும். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். லோடில் 0.1 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் நல்லது, 0.5ஐத் தொட்டால் டயோடு போய்விட்டது. உறுதிப்படுத்த, எஞ்சினை அணைத்து ஆல்டர்னேட்டரின் சிறிய ஃபீல்டு கப்ளரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் தேடல் முடிந்தது. ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் ஈசியூவைக் கொன்றுவிடும், அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஈசியூ கெட்டுவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

சப்ளை, எர்த், 5 வோல்ட், வேகச் சிக்னல் எல்லாம் ஈசியூவின் பின்னிலேயே சரியாக வந்து, வெளியே போக வேண்டியது மட்டும் போகாதபோது. அதற்கு முன் இல்லை.

டைமிங் வயரை வைத்தும் ஓரளவு பிரித்தறியலாம். ஃபோர்டில் மாட்யூலுக்குப் போகும் டைமிங் வயரில் ஒரு சிறு பிளக் இருக்கும். அதைக் கழற்றினால் மாட்யூல் தன்னிச்சையாக, பொதுவாக 10 டிகிரி டைமிங்கில் ஓட்டும். வண்டிக்கு இழுவை குறையும், ஆனால் நிற்காது. கழற்றியபின் கோளாறு வராமலிருந்தால் அந்த வயரையும் ஈசியூவையும் சந்தேகிக்கலாம். பிளக்கைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

ஈசியூவைத் திறக்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள், உடலில் உள்ள நிலைமின்சாரத்தை பாடியைத் தொட்டு இறக்குங்கள். இந்த வயதுப் பலகைகளில் முதல் எதிரி எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர். அடிப்பக்கம் பழுப்புக் கறை, மீன் வாடை, பக்கத்துச் செம்புத் தடங்களில் பச்சை: இவை இருந்தால் திரவம் கசிந்திருக்கிறது. அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தரம் உள்ளதைப் போடுங்கள். நெகட்டிவ் கோட்டின் திசையைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கறையைக் கழுவி, தடம் அரிக்கப்பட்டு அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தடத்தைக் கவனிக்காமல் விட்டால் கோளாறு திரும்பி வரும். அடுத்தது பெரிய கப்ளரின் பின்கள் பலகையில் பற்றவைத்த இடம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மோதிரம்போல் விரிசல் தெரியும், அதைத் திரும்பப் பற்றவையுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஈசியூவில் கழற்றி மாட்டும் சிப் ஒன்று உண்டு. அதைக் கழற்றித் துடைத்து, இருபக்கமும் சமமாக அழுந்தும்படி மாட்டுவதே சில வண்டிகளுக்குப் போதுமானது.

பழைய ஈசியூ வாங்கி மாற்றலாமா?

பாகத்தின் எண் முழுவதும் பொருந்தினால் மாற்றலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், எமிஷன் அமைப்பு மாறினால் உள்ளே உள்ள கணக்கும் மாறும். ஆனால் மாட்டுமுன், பழையது ஏன் போனது என்று கேளுங்கள். ஷார்ட்டான இன்ஜெக்டரோ, ரிலே காயிலோ, ஐடில் வால்வோ புதியதையும் அதே நிமிடத்தில் எரித்துவிடும். சிலிண்டருக்கு ஒன்று வகை இன்ஜெக்டரில் பொதுவாக 12 முதல் 16 ஓம் இருக்கும். த்ராட்டில் பாடி வகையில் 1 முதல் 2 ஓம்தான், அது குறைபாடு அல்ல.

வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மீட்டரைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது?

காவல் விளக்கு வையுங்கள். 12 வோல்ட் சிறு எல்இடி விளக்குகள் நான்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 1 ஆம்பியர் பியூஸ் போட்டு, டேஷ்போர்டில் வரிசையாக ஒட்டுங்கள். ஒன்று மெயின் ரிலே வெளியீட்டுக்கு, ஒன்று காயில் பாசிட்டிவுக்கு, ஒன்று இன்ஜெக்டர் சப்ளைக்கு, ஒன்று பெட்ரோல் பம்பின் வயருக்கு. எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவில் எடுங்கள். வண்டி நின்ற கணத்தில் எது அணைந்தது என்று பார்த்தாலே தேடும் இடம் கால்வாசியாகச் சுருங்கும். நான்கும் எரிந்துகொண்டே வண்டி நின்றால் சப்ளை குற்றமற்றது, வேகச் சிக்னல், மாட்யூல், எர்த் பக்கம் போங்கள். விளக்கு வயரைச் சிக்னல் வயர்களில் மட்டும் இணைக்காதீர்கள்.

கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எஞ்சின் சூடா குளிரா, எத்தனை நிமிடம் ஓடியது, மழையா, லைட் எரிந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், மேடா பள்ளமா. நான்கைந்து முறை எழுதியதும் பொதுவானது ஒன்று தலைகாட்டும்.

சரியாகிவிட்டது என்று எப்படி நம்புவது?

கோளாறை வரவழைத்த அதே நிலையைத் திரும்ப உண்டாக்குங்கள். சூட்டில் வந்தது என்றால் அதே சூடு, அசைத்தபோது வந்தது என்றால் அதே இடத்தில் அதே அசைவு. முடிந்தால் பழைய பாகத்தைத் திரும்ப மாட்டி, கோளாறு திரும்புகிறதா என்றும் பாருங்கள். கப்ளரைக் கழற்றி மாட்டியதாலேயே தற்காலிகமாகச் சரியான வண்டிகள் ஏராளம், புது பாகத்துக்கு அந்தப் பெருமை போய்விடும். பேட்டரியைக் கழற்றியிருந்தால் ஈசியூ கற்றுவைத்த அளவுகள் அழிந்திருக்கும், முதல் சில கிலோமீட்டர் ஐடிலிங் தடுமாறலாம். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். கோடுகளை அழித்துவிட்டு, குளிர் ஸ்டார்ட்டிலிருந்து முழுச் சூடு வரை சில நாள் ஓட்டியபின் மீண்டும் கோடு எடுங்கள். காவல் விளக்குகளை அதுவரை கழற்ற வேண்டாம்.